சாயத்தின் பேரு

பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் உச்சிவெயில் கூரை ஓட்டை வழியாக இறங்கி, அண்டாவின் ஆவியில் பட்டுச் சிவக்கிறது. பட்டுநூல் கொதிக்கும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. லில்லி வாசலிலேயே நிற்கிறாள். உள்ளே வா என்று முதலாளி நாகபூஷணம் இன்னும் சொல்லவில்லை. இருபது வருஷம் இந்த அண்டாக்களில் கையை விட்டுச் சாயம் தோய்த்த அவள் புருஷன் தேவசகாயம், மூத்திரப்பையில் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் நகக்கண்ணில் அரக்குச் சிவப்பு இன்னும் போகவில்லை.

"டாக்டர் சாயத்தோட பேரு கேக்குறாரு. டப்பாவக் காட்டுங்க."

"அதே டாக்டர்தானமா சொன்னாரு, இந்த விஷத்த முறிக்கிற என்சைம் அவன் ஒடம்புல மெதுவா வேல செய்யுதுன்னு? நானும் தெனம் இங்கதான் இருந்துக்கினு இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவல. கோளாறு அவன் ஒடம்புல இருக்குது."

"மெதுவா முறிச்சா உள்ளயே தங்கிடும்னாரு. அந்த விஷம் எங்கருந்து போச்சு மொதலாளி?"

நாகபூஷணம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மெல்லுகிறார். லில்லி செருப்போடு உள்ளே நடக்கிறாள். அலமாரியில் இருக்கும் சாய டப்பாக்களில் எல்லாம் பேர் போட்ட சீட்டு கிழிக்கப்பட்டிருக்கிறது. இடுப்பில் செருகிய காகிதத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டு, மூடி திறந்த டப்பாவுக்குள் கையை விடப் போகிறாள்.

"வெறுங்கையால தொடாதமா."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்கிறது. மெல்லுவது நின்றுவிடுகிறது. லில்லி திரும்பி அவர் முகத்தை நிதானமாகப் பார்க்கிறாள். அவர் பார்க்கப் பார்க்கவே, டாக்டரிடம் காட்டக் காகிதம் நிறையச் சாயப்பொடியை அள்ளுகிறாள்.