ராய்ஸின் முதல் துப்பாக்கி

“சின்னதா ஒரு கைத்துப்பாக்கி போதும். இன்னைக்கே வேணும்,” என்றார் ராய்ஸ்.

துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் தன் கணவர் வெண்டலுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஓபல் வாசலிலேயே நின்றுவிட்டாள். கென்டக்கியின் அந்த மலையூரில் துப்பாக்கி இல்லாத ஒரே வீடு ராய்ஸ் வீடுதான். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி நாடீனுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. நாடீனைப் புதைத்த மண்ணில் இன்னும் புல்கூட முளைக்கவில்லை.

யாரைச் சுடப் போகிறார்? நாடீனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரையா?

வெண்டல் துப்பாக்கியை எடுத்தபடியே கேட்டார். “பிஸ்கட் எங்கய்யா? வண்டியிலயா விட்டுட்டு வந்தே?”

“நாயா? பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன்.”

வெண்டல் கைத்துப்பாக்கியைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினார்.

“இதெல்லாம் பொம்மைய்யா. முதல் துப்பாக்கி, பேர் சொல்ற மாதிரி வாங்க வேணாமா? இரு.”

இரும்புப் பெட்டியிலிருந்து உலகப்போர்க் காலத்து இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டை எடுத்து வைத்தார். பெரும் பணக்காரர்கள் தேடி வந்து வாங்கிச் சேர்க்கிற சரக்கு. ஒன்றின் விலைக்குப் புதுக் காரே வாங்கலாம்.

அடப்பாவி மனுஷா, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் தலையிலா மிளகாய் அரைக்கிறாய் என்று ஓபல் உள்ளுக்குள் கொதித்தாள். வெண்டல் ராய்ஸின் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பேராசை இப்படியும் வெறிக்க வைக்குமா?

“இது டாமி கன். அழகி, ஆனா செலவு வைப்பா. இன்னொண்ணு அழுமூஞ்சி. ஆனா ஒழுங்கா உழைக்கும்.”

ராய்ஸ் அழுமூஞ்சியைக் கையில் எடுத்தார். “பஸ்ஸுக்கு கிரீஸ் அடிக்கிற குழாய் மாதிரியில்ல இருக்கு?”

“அதோட செல்லப்பேரே கிரீஸ் கன்தான்யா.”

ராய்ஸ் லேசாகச் சிரித்தார். வெண்டலிடம் கேட்டுவிட்டுக் கழற்றிப் பார்த்தார். “ஸ்பிரிங் தளர்ந்திருக்கே. இப்படியா வச்சிருப்பே?”

ஸ்பிரிங்கை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “சரி. இதையே எடுத்துக்கறேன்,” என்றார்.

உள்ளறையில் வெண்டலோடு பேசி, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போனதும் ஓபல் பாய்ந்தாள். “ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவர் பக்கத்துல உக்காருவீங்க?”

“சல்லிக்காசு வாங்கல. அனுமதி வந்தப்புறம் குடுன்னுட்டேன்.”

அப்போதுதான் ஓபலுக்கு உறைத்தது. “வெறுங்கையோடல்ல போறாரு?”

வெண்டல் நாற்காலியில் சரிந்தார். சட்டை முழுக்க வியர்வை.

“கைத்துப்பாக்கின்னா இப்பவே வீட்டுக்குப் போயிருக்கும். இதுக்கு வாஷிங்டன்லேருந்து அனுமதி வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் துப்பாக்கி இங்க ஜெயில்ல. சனிக்கிழமைதோறும் வந்து பாரு, ஸ்பிரிங்கை நீயே சரிபண்ணுன்னேன்.”

“எதுக்கு இந்த நாடகம்?”

“நாடீன் வளர்த்த நாய், ஓபல். அதைக் குடுத்துட்டு ஒருத்தன் துப்பாக்கி கேட்டு வர்றான்னா, அவன் யாரைச் சுடறதுக்கு?”

ஓபல் வாசலுக்கு ஓடி, ராய்ஸின் வண்டி போன திசையைப் பார்த்தாள்.

“வேற கடைக்குப் போயிட்டாருன்னா?”

“அந்த பயந்தான் எனக்கும்.” வெண்டல் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுக் கார் சாவியை எடுத்தார். “கெளம்பு. நாயைத் திரும்ப வாங்கி அவன்கிட்டயே விட்டுருவோம். சனிக்கிழமை வரைக்கும் பிஸ்கட் அவனைப் பாத்துக்கட்டும்.”