வெள்ளைப் புள்ளி

சுலோச்சனா செல்போன் கேமராவின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினாள். "நல்லா அமுக்கி ஒட்டும்மா, வெளிச்சம் பூந்துடப் போவுது" என்றார் தாண்டவராயன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த எக்ஸ்ரே சென்டருக்கு அவர் முதலாளி. அவள் வாசலில் டோக்கன் கொடுப்பவள். அவள் புருஷன் மோகன் அங்கேதான் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தான். மிஷினுக்கும் அவன் நாற்காலிக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு.

மூடிய கேமராவில் வெளிச்சம் நுழையாது. கதிர் பட்டால் மட்டும் திரையில் வெள்ளைப் புள்ளி விழும். அதற்கென்று ஒரு ஆப் இருந்தது. மோகன் அதைக் காட்டி, தடுப்பில் ஈயத் தகடு அடிக்கச் சொல்லிக் கெஞ்சினான்.

"உன் போன் ரிப்பேருடா" என்று சிரித்தார் தாண்டவராயன். ரத்தப் புற்றுநோயில் மோகன் போன பிறகு, பீடி குடித்துச் செத்தான் என்று ஊரெல்லாம் சொன்னார்.

இப்போது மிஷினை இயக்கும் பட்டன் வேறு பக்கம் போய்விட்டது. மோகன் உட்கார்ந்த இடம் ஏசி போட்டு முதலாளியின் ரூம் ஆகிறது.

"கதிர் அளக்க மெட்ராஸ்லேர்ந்து ஆளக் கூட்டியாந்தா, அத்த மாத்து இத்த மாத்துன்னு பேஜார் பண்ணுவான். உன் வூட்டுக்காரன் போன்லயே பாத்துடு" என்றவர், தான் மட்டும் வராந்தாவிலேயே தள்ளி நின்றுகொண்டார்.

சுலோச்சனா உள்ளே போனாள். "இங்க யாரு சார் குந்தப் போறது?"

"நான்தான்."

"கூட்டிப் பெருக்க, டீ குடுக்க வர்றவங்க?"

"மிஷின் நின்னப்புறம் கூட்டிக்கட்டும். மத்த நேரத்துல எவனும் உள்ள கால் வைக்கக் கூடாது. என் ரூம்மா இது!"

அடுத்த அறையில் சாலவாக்கத்துக்காரர் ஒருவருக்கு நெஞ்சுப் படம். "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று குரல் கேட்டது. மிஷின் உறுமியது.

கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் பொரி பொரியாக வெடித்தன. மோகன் காட்டியபோது பார்த்த அதே புள்ளிகள்.

"இன்னாம்மா, எதுனா கீதா?" வராந்தாவிலிருந்து தாண்டவராயன் கத்தினார்.

சுலோச்சனா போனை அணைத்தாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத முதலாளியின் புது நாற்காலியை, தடுப்பை ஒட்டி நகர்த்திப் போட்டாள். பிறகு வெளியே வந்தாள்.

"ஒரு புள்ளிகூட இல்ல சார். தாராளமா குந்துங்க."