உரைகல்லுக்கு ஒரு சாட்சி

வக்கீல் நோட்டீஸ் வந்ததும் சத்தியசீலன் செய்த முதல் காரியம், அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்ததுதான். ‘கருத்துச் சுதந்திரத்தின் குரல்வளை நெரிக்கப்படுகிறது’ என்று கீழே ஒரு வரி வேறு.

“குரல்வளையை நெரிச்சா இப்படியா பல்லைக் காட்டுவாங்க?” என்றாள் மனைவி ஆனிமேரி.

உண்மையில் அவருக்கு உள்ளூரக் குஷிதான். பத்தொன்பது வருடம் வேலை பார்த்த நாளிதழ் மதுரைப் பதிப்பை மூடிவிட, ஒத்தக்கடை வீட்டு மாடியில் ‘உரைகல்’ என்று யூடியூப் சேனல் நடத்துகிறார். நிருபர், கேமராமேன், ஆசிரியர் எல்லாம் அவரே. சந்தாதாரர் மூவாயிரம் பேர். சொந்தக்காரர்களைக் கழித்தால் எத்தனை என்று அவர் கழித்துப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட சேனலுக்கு அவதூறு நோட்டீஸ்! நாமும் ஒரு ஆள்தான் போல என்று தோன்றிவிட்டது.

பள்ளித் தோழரான வக்கீல் ஸ்டீபன் நோட்டீஸைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மாப்ள, ரியல் எஸ்டேட் சூரியபிரகாஷ் வாய்க்காலை மூடி ப்ளாட் போட்டு வித்தான்னு பேசியிருக்க. உண்மையா?”

“நூத்துக்கு நூறு.”

“அதைக் கோர்ட்டுல வந்து சொல்ல ஆளு கொண்டா. இல்லைன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம்.”

சத்தியசீலன் வெளியே வந்து ஸ்டேட்டஸை அழித்தார்.

வீடியோவில் பேசியவர்களைத் தேடிப் போனார்.

“முகத்தை மறைச்சுத்தானண்ணே காட்டுனீங்க? அது நான்தான்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார் ஒருவர்.

‘சிங்கம்ணே நீங்க!’ என்று கமென்ட் போட்டவர், மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மூன்று நாளாக ஏறிக்கொண்டே இருந்தார்.

நான்காம் நாள் காலை, சிங்கம் கண்ணாடி முன் நின்று மன்னிப்பு வீடியோவுக்கு ஒத்திகை பார்த்தது. கையைக் கட்டிக்கொள்வதா, கும்பிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆனிமேரி மேலே வந்தாள்.

“கீழ ஒரு அம்மா வந்திருக்காங்க. சத்துணவு முத்துத்தாயாம்.”



‘பிள்ளைகள் முட்டையைத் திருடும் முத்துத்தாய்!’ போன வருடம் திகில் மியூசிக்கோடு அவர் போட்ட வீடியோ. பள்ளிக்கு வந்ததே குறைவான முட்டைதான் என்று விசாரணையில் தெரிந்ததும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார். வருத்தம் தெரிவிக்க மறந்துபோனது. மறக்கவெல்லாம் இல்லை, வருத்தம் தெரிவித்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

அடுத்த நோட்டீஸ் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினார்.

முத்துத்தாய் ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“வாங்கம்மா... அந்த வீடியோவை அப்பவே எடுத்துட்டேன்...”

“தெரியும் சார். நான் வந்தது வேற. நீங்க சொன்ன அந்த ப்ளாட்டுல ஒண்ணு எங்க வீடு. ஐப்பசி மழைக்கு அடுப்படி வரைக்கும் தண்ணி. போட்டோ, பத்திரம் எல்லாம் இதுல இருக்கு. கோர்ட்டுல சொல்ல ஆளு தேடுறீங்களாம்ல? நான் வாரேன்.”

சத்தியசீலன் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“அவங்க பெரிய ஆளுக. பயமா இல்லையாம்மா?”

“பயமாத்தான் இருக்கு.”

“பெறகு எனக்காக எதுக்கும்மா? நான் உங்களைப் பத்தி அம்புட்டுப் பொய் சொன்னேன்...”

பொய் என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

முத்துத்தாய் பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அன்னைக்கு ‘அது பொய்’னு சொல்ல ஒரு ஆளு வராதான்னு நானும் தெருத்தெருவா அலைஞ்சேன் சார். ஒருத்தரும் வரல. அந்த அலைச்சல் எனக்குத் தெரியும்.”