நண்டு தோண்டிய எரிவாயுக் கிணறு

கடலடியில் குழி தோண்டிக்கொண்டிருந்த நண்டு, "கீழே எரிவாயு இருக்கு. முதல் போட்டா ரெட்டிப்பாத் தரேன்" என்றது. இறால் தான் சேர்த்துவைத்திருந்த பாசியையெல்லாம் கொண்டுவந்து கொட்டியது.

மறுநாள் குழியிலிருந்து பெரிய குமிழி ஒன்று கிளம்பியது. இறாலுக்குத் தலைகால் புரியவில்லை. கடல் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தது. வாய் நிறையப் பாசியோடு மீன்கள் வரிசையில் நின்றன.

எவ்வளவு வாயு இருக்கிறதென்று பார்க்க இறால் குழிக்குள் இறங்கியது. அங்கே ஒரு இழை பாசிகூட மிச்சமில்லை. நண்டு வயிற்றைத் தடவிக்கொண்டு ஏப்பம் விட்டது. குமிழி மேலே போனது. வெளியே ஒரே ஆரவாரம்.

"அடப்பாவி, என் பாசியைத் தின்னுட்டு விட்ட ஏப்பமா அது?"

"மெதுவாப் பேசு. திமிங்கலம் மலையளவு பாசியோட வந்திருக்கு."

இறால் குரலைத் தாழ்த்தியது.

"கொஞ்சம் தள்ளி உட்காரு. எனக்கும் ஏப்பம் நல்லா வரும்."