தேவாவின் கப்பல் வேண்டாம்

"அந்த ஓட்டைக் கப்பல்ல எவன் ஏறுவான்? போனா பெரிய கப்பல்ல போகணும். புதுசா விட்டதுல போகணும்" என்றார் அழகேசன்.

காபித் தம்ளர்களோடு கூடத்துக்குள் வந்த பத்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பேசுவது தன் புருஷன்தானா? இருபது வருஷமாக ஒரே ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஓட்டுகிற மனுஷன். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தால்கூட, "பழசுக்கு என்ன குறைச்சல்?" என்று அதை பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்.

ஆவடி தொழிற்சாலையில் ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்து ரிட்டையராகி, அண்ணனூரில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வீடு கட்டிக்கொண்ட ஐந்து பேர். வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு எங்காவது கிளம்பிவிடுவார்கள். காசி, ராமேஸ்வரம் எல்லாம் முடிந்து, இந்த வருஷம் கப்பல். எதிலும் அழகேசன் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

மகன் பிரசன்னா டிவியில் படம் போட்டுக் காட்டினான்.

புதுக் கப்பலில் இருபது மாடி. நடுவில் நிஜ மரங்களோடு ஒரு பூங்கா. மேல் தளத்தில் சறுக்கு விளையாட்டு.

"அம்மாடி! இது கப்பலா, ஊரா?" என்று வாயைப் பிளந்தார் ஐவரில் ஒருவரான ரவிச்சந்திரன். பத்மாவுக்கும் மலைப்பாகத்தான் இருந்தது. இத்தனையும் தண்ணீரில் எப்படி மிதக்கிறது?

அடுத்தது பழைய கப்பல். வயசு முப்பது. ஏழே மாடி, ஒரே சாப்பாட்டுக் கூடம். ஆனால் ஜன்னலை ஒட்டியே அலை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. கடல் இவ்வளவு பக்கத்திலா! பத்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

அதில்தான் தாயம்மாவின் மகன் தேவா ஆபீசர்.

தாயம்மாவின் புருஷனும் அதே செக்‌ஷன்காரர்தான். பாதியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் இட்லிக் கடை போட்டுப் பிள்ளையை ஆளாக்கினாள். அவன் வெள்ளை யூனிஃபார்மில் நிற்கும் போட்டோவை அவள் காட்டாத ஆள் அண்ணனூரில் பாக்கியில்லை.

போன வாரம்கூட வந்து பத்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்குத் தண்ணியப் பாத்தாலே தலைய சுத்தும். நீங்கல்லாம் போய் எம்புள்ள இன்னா மாரி கீறான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அது போதும் எனக்கு."

"உன் பையன் கப்பல்லதான் போறோம், போதுமா?" என்று பத்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

இப்போது பெரிய கப்பல் என்று முடிவாகி, எல்லாரும் கலைந்து போனார்கள். பத்மா புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயம்மா மூஞ்சில நான் எப்படிங்க முழிப்பேன்? வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீ ஏன் குடுத்தே?"

"நம்ம பிரசன்னா கைநிறைய சம்பாதிக்கிறான்னதும் பவுசு வந்துடுச்சா உங்களுக்கு?"

அழகேசன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

"நான் வரல. நீங்களே போய்ச் சறுக்கி விளையாடுங்க!" என்று மூடிய கதவைப் பார்த்துக் கத்தினாள் பத்மா.

மேஜையில் இருந்த அவருடைய போன் அடித்தது. தேவா. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எப்படியாவது சமாதானம் சொல்லிவிடலாம் என்று எடுத்தாள்.

"ஆன்ட்டி, நல்லா கீறீங்களா? அங்கிள் இல்லியா? பரவால்ல. உங்களுக்கும் சேத்துத்தான் தேங்க்ஸ் சொல்லணும்."

"எனக்கு எதுக்குப்பா?"

"கப்பல மாத்தியாச்சுன்னு இப்பத்தான் அங்கிள் மெசேஜ் போட்டாரு. அஞ்சு குடும்பமும் இங்க வந்துகினு, ஆபீசர் தேவா எங்கன்னு கேட்டிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? கீழ கிச்சன்ல பாத்திரம் கழுவிக்கினு கீறேன் ஆன்ட்டி. அந்த யூனிஃபார்ம்கூட இரவல்தான். சின்னக் கப்பலு, ஒளியக்கூட எடமில்ல. அடுத்த மாசம் லீவுல வந்து அம்மாகிட்ட நானே சொல்லிட்றேன்." கொஞ்சம் தயங்கினான். "அங்கிள் உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

பத்மா குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ம்... சொன்னாருப்பா. நீ ஒடம்பப் பாத்துக்க."

அழகேசன் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார். "யாரு போன்ல?"

"தேவா. எல்லாம் சொன்னான்."

அவர் கை அப்படியே நின்றது.

"என்கிட்டக்கூட ஏன் சொல்லலை நீங்க?"

"பாத்திரம் கழுவுறதுல ஒரு கேவலமும் இல்லை. ஆனா அவன் இன்னும் பெத்தவகிட்டயே சொல்லலையே பத்மா. அவளுக்கு முன்னாடி நமக்கெல்லாம் தெரிஞ்சா, அவ மனசு என்ன பாடுபடும்?"

பத்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையில் துண்டு, காதோரம் சோப்பு நுரை. ஊரே பவுசுக்காரன் என்று பேசட்டும் என்று விட்டுவிட்டாரே! கல்யாணமான நாளிலிருந்து கூடவே இருந்தும் இந்த மனுஷனை நான் முழுசாகப் பார்த்ததில்லையே என்று மலைத்துப்போனாள்.

சாயங்காலம் காய்கறிக் கடையில் தாயம்மா வழி மறித்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"இன்னாக்கா, எம்புள்ள கப்பலு ஓட்டையாமே? ரவி அண்ணன் சொல்லிச்சு. அழகேசன் அண்ணனுக்கு இம்மாம் பவுசு எங்கேர்ந்து வந்துச்சு?"

கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரைத் திட்டாத தாயம்மா" என்றாள் பத்மா. "பெரிய கப்பலைப் படத்துல பாத்ததும் ஆசை தாங்காம, அப்படிப் பேசுங்கன்னு அவரைத் தூண்டிவிட்டதே நான்தான்."