விற்கத் தெரிந்தவர்

வாட்சை மேசையில் வைத்த கையோடு அந்த மனிதர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

பழைய வாட்சுகளை வாங்கி விற்கும் கடைக்கார அம்மா அதைக் கவனித்துவிட்டார். இவ்வளவு விலை உயர்ந்த வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது சுவரைப் பார்த்து மணி தெரிந்துகொள்வார்களா?

கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அசல்தான். முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரு விலை சொன்னார்.

வழக்கமாக அந்த விலையைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முதலில் திடுக்கிடுவார், பிறகு கெஞ்சுவார், கடைசியில் வழிக்கு வருவார்.

இவர் வழிக்கு வரவில்லை. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வாங்கியபோது கிடைத்த பெட்டி. உத்தரவாத அட்டை. சர்வீஸ் செய்த ரசீதுகள். செயினிலிருந்து கழற்றிய இரண்டு கண்ணிகள், ஒரு மாத்திரை உறைக்குள்.

ஓரமெல்லாம் கீறல், பாலிஷ் போட வேண்டியிருக்கும் என்றார் அம்மா. பாலிஷ் போட்டால் ஓரம் மழுங்கிப்போகும், மதிப்பு இறங்கிவிடும், கீறல் பாட்டுக்கு இருக்கட்டும் என்றார் அவர்.

அம்மாவால் மறுக்க முடியவில்லை. அன்று காலையில்தான், பாலிஷ் போட்டுக் கெடுத்துவிட்டீர்களே என்று சொல்லி இன்னொருவரிடம் விலையைக் குறைத்திருந்தார்.

டயல் மங்கிவிட்டது என்று அடுத்த அம்பை விட்டார். மங்கிய டயலுக்காகவே தேடி அலைகிறவர்கள் உண்டு என்று பதில் வந்தது. இணையத்தில் போட்டிருக்கும் விலையையெல்லாம் நம்பாதீர்கள் என்றார். நம்பவில்லை, மூன்று மாதத்தில் உண்மையாகவே விற்றுப்போன விலைகளை மட்டும்தான் எடுத்தேன், அதிலும் உங்கள் லாபத்தைக் கழித்துவிட்டேன் என்றார் அவர்.

லாபத்தைக்கூடச் சரியாகத்தான் கழித்திருந்தார்.

இருபது வருடத் தொழிலில் இப்படி ஓர் ஆளை அம்மா பார்த்ததில்லை. அரைமனதாக, அவர் கேட்ட விலைக்கே வந்து சேர்ந்தார். ரசீது எழுத அடையாள அட்டையைக் கேட்டார்.

அதில் ஒரு பெயர் இருந்தது. உத்தரவாத அட்டையில் வேறொரு பெயர்.

வாட்சைக் கொஞ்சம் கட்டிக் காட்டுங்கள் என்றார் அம்மா. கட்டினார். அது வழுக்கிக்கொண்டு முழங்கை வரை போய்விட்டது.

அம்மாவின் கை போனை நோக்கி நகர்ந்தது.

அந்த மனிதர் சன்னல் பக்கம் ஓடிப்போய் எதிர்ப்பக்க நடைபாதையைப் பார்த்துக் கையசைத்தார். ஒரு பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அவருடைய தங்கையாம். கல்யாணப் படத்தைப் போனில் காட்டினார். மாப்பிள்ளையின் பருத்த மணிக்கட்டில் அதே வாட்ச்.

கப்பல் என்ஜினில் வேலை பார்த்தபோது அவர் ஆசைப்பட்டு வாங்கியதாம். இப்போது சொந்தமாக லேத் பட்டறை வைக்கப்போகிறார், அதற்காக விற்கிறார் என்றார் அந்தப் பெண்.

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்கு மாப்பிள்ளை இங்க வருவாரு. நீங்க முதல்ல என்ன சொல்றீங்களோ அதுக்கே தலையாட்டிடுவாரு. இப்ப பேசின விலையையே சொல்லிடுங்கம்மா. நான் வந்தது மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது."

மாப்பிள்ளை இப்போது எங்கே என்று கேட்டார் அம்மா.

"முடி வெட்டிக்கப் போயிருக்காரு," என்றார் தங்கை. "வர்றதுக்குள்ள இதைப் பீரோவுல வெச்சாகணும்."

வாட்சோடு இருவரும் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்கள்.

மறுநாள் மாப்பிள்ளை வந்தார். நல்ல உடம்பு, புதிதாக வெட்டிய முடி. பெட்டியைக் குழந்தையைத் தருவதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார்.

லென்ஸைச் செருகிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, பேசிய விலையை அப்படியே சொன்னார் அம்மா. அவர் தலையாட்டுவார் என்று காத்திருந்தார்.

மாப்பிள்ளை தலையாட்டவில்லை. தொண்டையைச் செருமினார். தன் செருப்பையே பார்த்துக்கொண்டு, எங்கோ மனப்பாடம் செய்த குரலில், இன்னும் கொஞ்சம் பார்த்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்றார். சொல்லி முடிப்பதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது.

ஒரே வாட்சுக்கு இரண்டாவது பேரம். முதல் பேரத்திலேயே பிழிந்த சக்கையாகக் கிடந்தது லாபம். இதுதான் கடைசி விலை என்று சொல்லத்தான் அம்மா வாயைத் திறந்தார். அந்த வியர்வையைப் பார்த்தார். மேலே கொஞ்சம் கூட்டிச் சொன்னார்.

மாப்பிள்ளைக்கு முதலில் நம்ப முடியவில்லை. கூட்டிச் சொன்னதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ரசீது எழுதும்போது, விலையை மட்டும் எண்ணிலும் எழுத்திலும் பெரிதாகப் போடச் சொன்னார். எதற்கு என்று கேட்டார் அம்மா.

"என் மச்சான்கிட்ட காட்டணும்மா," என்றார். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கின வேனை, முதல்ல வந்தவன் கேட்ட விலைக்கே நான் குடுத்துட்டேன். அதுலேர்ந்து அவரு எங்க வீட்டுப் படி ஏறல. ஆறு வருஷமாச்சு. எனக்கும் விக்கத் தெரியும்னு தெரிஞ்சா வருவாரு."

கடைக்கார அம்மா எழுதிய ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்னும் பெரிய எழுத்தில் புதிதாக ஒன்று எழுதினார்.