வீட்டுக்குச் சொல்லும் விலை

"அவரு வாங்குன விலையவே குடுத்துருங்ணா. மூவாயிரத்து நானூறு."

பூங்கோதை சொன்னதைக் கேட்டு அவர் மேசைப் பக்கம் திரும்பினார்.

மேசைமேல் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. தேக்குப் பெட்டி. கனத்த தட்டு. விரலால் லேசாகத் தள்ளியதும் சத்தமே இல்லாமல் சுற்றியது.

தள்ளியிருக்கக் கூடாது. ஆசையை முகத்தில் காட்டினால் விலை ஏறிவிடும். பழைய சாமான் வாங்குகிறவனுக்கு அதுதான் முதல் பாடம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எதிரே பூங்கோதை நின்றாள். அவருடைய நண்பர் நாச்சிமுத்துவின் மனைவி. நாச்சிமுத்து ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார்.

சட்டைப் பையில் முப்பத்து நாலாயிரம் இருந்தது.

நாச்சிமுத்து இந்தப் பிளேயரை உண்மையில் வாங்கிய விலையும் அதுதான்.

வாங்கிய அன்று அவரும் கூட இருந்தார். குன்னூரில் ஒரு பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். முப்பத்து நாலாயிரம் என்றார்கள். அதுவே பாதி விலை. இரண்டு பேருக்கும் கை துறுதுறுத்தது. நாச்சிமுத்துவிடம் பணம் இருந்தது, அவரிடம் இல்லை. அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் டீ குடித்தபடியே வீட்டுக்குச் சொல்லும் விலையை முடிவு செய்தார்கள். எப்போதும்போல ஒரு சைபரைக் கழித்து.

இரண்டு பேரும் ஒரே விலையைத்தான் சொல்ல வேண்டும். மனைவிகள் இருவரும் தினமும் போனில் பேசுகிறவர்கள். மாட்டினால் இரண்டு வீட்டிலும் சோறு கிடைக்காது.

மறுநாளே அவர் பணம் ஒதுக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை மிக்சியும் மோட்டாரும் ரிப்பேர் பார்த்து வந்ததெல்லாம், வீட்டில் ஊமையாகக் கிடந்த ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் போனது. இன்னொரு தடவை இப்படி ஒன்று மலிவாக அகப்படும்போது கை வெறுமையாக இருக்கக் கூடாது. வீட்டில் எத்தனை முடை வந்தபோதும் அந்தப் பெட்டியை இன்று காலைவரை அவர் திறக்கவில்லை.

இதோ, அகப்பட்டுவிட்டது. அதே பிளேயர். பத்தில் ஒரு பங்கு விலைக்கு.

"பழைய சாமான்காரன் மூவாயிரங்கிறான். வந்துட்டே இருக்கான்" என்றாள் பூங்கோதை. "உங்க கைக்குப் போனா அவரு சந்தோசப்படுவாருன்னுதான் கூப்பிட்டனுங்."

அவர் தலையாட்டினார். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

"போன வருசம் புள்ளையோட ஹாஸ்டல் பீசுக்கு என் வளையலை அடகு வெச்சமுங். இதை வித்துரட்டுமான்னு கேட்டாரு. ஆசையா வாங்குனது, இருந்துட்டுப் போவுதுன்னு நாந்தான் சொன்னேன்."

வெளியே ஏதோ டெம்போ சத்தம் கேட்டது. இருவரும் வாசலைப் பார்த்தார்கள். அது நிற்காமல் போய்விட்டது.

"இந்த மாசம் முப்பதாயிரம் கட்டலீன்னா வளையல் ஏலத்துல போயிருமுங்."

சட்டைப் பை நெஞ்சில் உறுத்தியது.

உண்மையைச் சொன்னால், செத்துப்போனவன் பொய்யனாகிவிடுவான். அதுவும் மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்தபோதுகூட வாய் திறக்காத பொய்யன். சொல்லாமல் போனால்?

சொல்லாமல் போனால் யாருக்கும் தெரியாது.

அவர் திரும்பி நின்று மூவாயிரத்து நானூறை எண்ணி எடுத்தார். பூங்கோதை வாங்கிக்கொண்டாள். எண்ணிப் பார்க்கவில்லை.

பிளேயரைத் தூக்கினார். நல்ல கனம். கேட் வரைக்கும் வந்துவிட்டார். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் அதை இறக்கி, கயிற்றைப் போட்டார்.

வீட்டுக்கு என்ன விலை சொல்வது?

பழக்கம், மனசு தானாகவே ஒரு சைபரைக் கழித்தது. முந்நூற்று நாற்பது. அவருக்கே சிரிப்பு வந்தது. இதை எவன் நம்புவான் என்று கேட்கப் பக்கத்தில் திரும்பினார்.

பக்கத்தில் யாரும் இல்லை.

இனி எந்த டீக்கடையிலும் அவரோடு உட்கார்ந்து விலை முடிவு செய்ய ஆள் இல்லை. நான்கு மாதமாக வராத அழுகை, வெட்கமில்லாமல் நடுத்தெருவில் வந்தது.

கயிற்றை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். மிச்சப் பணம் முழுவதையும் மேசைமேல் வைத்தார்.

"பழசுக்கெல்லாம் இப்ப விலை ஏறிக் கெடக்குது அம்மிணி. அப்ப அவன் வாங்குன விலை வேற, இப்ப வேற. இதுதான் நியாயம்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். இவ்வளவா என்று கேட்பாள் என எதிர்பார்த்தார். அவள் கேட்கவில்லை. பணத்தை எடுத்துப் போய் உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"உக்காருங்ணா. டீ வெக்கறேன்."

வந்ததிலிருந்து இப்போதுதான் உட்காரச் சொல்கிறாள் என்பது அவருக்கு உறைத்தது.

அவர் வீட்டில் மனைவி சுலோச்சனா மேசைமேல் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் பிளேயரை அணைத்துப் பிடித்தபடி நுழைந்தார்.

"எவ்வளவுங்க?" என்றாள்.

"மூவாயிரத்து நானூறு."

நாக்கு பழக்கத்தை விடவில்லை.

"ஒரு சைபர் குறையுது" என்றாள், நிமிராமலே. "குன்னூர்ல வாங்குன அன்னிக்கும் குறைஞ்சுதுங். பூங்கோதைக்கும் எனக்கும் சைபர் சேத்துப் படிக்கத் தெரியும்."

அவர் பிளேயரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"கேட் வரைக்கும் போயிட்டுத்தான் திரும்புனீங்களாமா?"



அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு முறத்தை ஓரமாக நகர்த்தி, மேசையில் இடம் விட்டாள்.